விசாலத்துக்கு, ஷெர்லி சிஷோமைப் பற்றி

அன்புள்ள விசாலம்,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. இதைப் படித்து முடித்த பிறகு கோபித்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ராஜத்துக்குப் பேத்தி பிறந்துவிட்டாள், இனி அவளைக் கையில் பிடிக்க முடியாது. உன் முழங்காலுக்கு இன்னமும் அந்த எண்ணெயையே தடவிக்கொண்டிருக்கிறாயா? மருத்துவரிடம் போ.

ஷெர்லி சிஷோம் யார் என்று கேட்டால், வினாடி வினாவில் மணியடித்தது போல நீ உடனே சொல்லிவிடுவாய்: அமெரிக்கக் காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண், 1968. அந்த ஒற்றை வரிதான் எனக்கு இப்போது பொறுக்கவில்லை. கொஞ்ச காலமாக அவரைப் பற்றியேதான் படிக்கிறேன். 'முதல்' என்று மாலை போட்டு, அவர் பட்ட பாட்டையெல்லாம் மூடிவிட்டார்கள். அவரே அப்படி நினைவுகூரப்படுவதை விரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்து, தானாக இருக்கத் துணிந்த ஒரு கறுப்பினப் பெண் என்று சொன்னால் போதும் என்றார்.

புரூக்ளினில் 1924இல் பிறந்தவர். தாய் பார்படோஸிலிருந்து வந்தவர். தையல் வேலையும் பிறர் வீட்டு வேலையும் செய்தார். இதை மனத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும். குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியையான சிஷோம் அரசியலுக்கு வந்து, 1968இல் காங்கிரசுக்கு நின்றபோது எதிரே நின்றவர் ஜேம்ஸ் ஃபார்மர். சாதாரண ஆளில்லை, இன ஒதுக்கலை எதிர்த்துச் சிறை சென்ற போராளி. அவர் தரப்பின் பிரசாரம் என்ன தெரியுமா? வாஷிங்டனில் நமக்காக ஓர் ஆணின் குரல் ஒலிக்க வேண்டும் என்பது! சிஷோமுக்கு அப்போதுதான் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சரியாகத் தேறுவதற்கு முன்பே தெருவில் இறங்கிவிட்டார். அந்தத் தொகுதியில் ஆண்களைவிடப் பெண் வாக்காளர்கள் அதிகம். வென்றார்.

உள்ளே போனதும் விவசாயக் குழுவில் போட்டார்கள். புரூக்ளினில் வயல் ஏது? புதியவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பதுதான் அங்கே மரபு. இவர் அவையிலேயே எழுந்து நின்று ஆட்சேபித்தார். முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றினார்கள். நம் துறைத் தலைவர் கொடுத்த அட்டவணையை நீ மேசைமேல் திருப்பி வைத்தாயே, அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

ஆனால் என் மனத்தைப் பிசைவது 1972. அந்த ஆண்டு ஜனாதிபதி வேட்பாளராக ஜனநாயகக் கட்சியில் போட்டியிட்டார். முந்தைய ஆண்டுதான் காங்கிரசின் கறுப்பின உறுப்பினர்கள் ஓர் அணியாகத் திரண்டிருந்தார்கள். அதை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு பெண்களை அரசியலுக்குக் கொண்டுவரத் தேசிய அளவில் ஓர் அமைப்பு உருவானது. அதை நிறுவியவர்களிலும் அவர் உண்டு. இரண்டுமே அமைப்பாக அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. கறுப்பின அரசியல்வாதிகளில் பலருக்கு அவர் பெண்; பெண் தலைவர்களில் பலருக்கு அவர் தோற்கப்போகிற ஆள். தொலைக்காட்சி விவாதத்தில் இடம் தரவில்லை. சட்டப்படி போராடித்தான் ஒளிபரப்பு நேரம் வாங்கினார். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் 152 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். கறுப்பாகப் பிறந்ததைவிடப் பெண்ணாகப் பிறந்ததே தன் வழியில் அதிகத் தடைகளைப் போட்டது என்று அவர் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

விசாலம், எதிரி தடுத்தால் முட்டி மோதலாம். கூடவே நடந்தவர்கள் 'இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறு' என்றால் யாரோடு சண்டை போடுவது? எத்தனை பெண்கள் இந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டே முடங்கிப்போனார்கள்! நம் கூட்டத்திலேயே எண்ணிப் பார். அவர் பொறுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்னொன்று. அதே தேர்தலில் நின்ற ஜார்ஜ் வாலஸ், அலபாமா ஆளுநர், இன ஒதுக்கல் என்றென்றும் நிலைக்கட்டும் என்று 1963இல் முழங்கிய மனிதர். 1972 மே மாதம் அவரைச் சுட்டார்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. சிஷோம் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தார். ஆதரவாளர்கள் கொதித்தார்கள். உனக்கு நேர்ந்தது யாருக்கும் நேரக்கூடாது என்று இவர் சொல்ல, வாலஸ் அழுதாராம். பிறகு வீட்டு வேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை விரிவாக்க இவர் பாடுபட்டபோது, தென்மாநில உறுப்பினர்களின் வாக்குகளைச் சேர்த்துத் தந்தவர் வாலஸ் என்று சிஷோமே கூறியிருக்கிறார். 1974இல் அது நிறைவேறியது. அவருடைய தாய் செய்த வேலைக்கு, சட்டம் அப்போதுதான் கூலி நிர்ணயித்தது.

அந்த 1972 பிரசாரத்தில் ஓர் இளம்பெண் வேலை செய்தார். கல்லூரி மாணவி, இரண்டு குழந்தைகளைத் தனியே வளர்த்தவர். வாக்காளராகவே பதிவு செய்திருக்கவில்லை. முதலில் அதைச் செய் என்று சிஷோம் சொன்னார். அவர்தான் பார்பரா லீ. 2001இல் படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தரும் தீர்மானத்துக்கு எதிராகக் காங்கிரசில் தனி ஒருவராக வாக்களித்தவர்.

வாலஸைப் பார்க்கப் போனதை நீ ஒப்புக்கொள்ளமாட்டாய், எனக்குத் தெரியும். நான் சிஷோம் பக்கம். உன் வாதங்களை நான்கு பக்கத்துக்குக் குறையாமல் எழுது, கமலா அக்காவின் புதிய முகவரியையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
கோமதி