சொல்தா தாத்தாவின் தீபாவளி

குருசுக்குப்பம், புதுச்சேரி
18 மே 2025

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ போனில் பேசியதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதி தொண்டையிலேயே நிற்கிறது. முதல் குண்டு விழுந்தபோது கால் நகரவே இல்லை, ஹவில்தார் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் பங்கருக்குள் போனேன் என்றாய். அப்பாவிடம் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. மே 10 சாயங்காலம் பாகிஸ்தானோடு சண்டை நின்றது என்று டிவியில் கேட்டதும் அவர் தெரு முழுக்கக் கேசரி கொடுத்தார். அதற்குப் பிறகும் நீ தூங்கவில்லை என்பது என்னோடு இருக்கட்டும்.

என் பெரியப்பாவை உனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள்; எங்கள் வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பெயர். அவர் இந்தோசீனாவில், அதாவது இப்போதைய வியட்நாம் பக்கம், சண்டை போட்டவர். 1954-ல் போர் முடிந்து ஊர் வந்து சேர்ந்தபோது இங்கே கொடியே மாறியிருந்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 வந்தால் மெடல் குத்திய கோட்டைப் போட்டுக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்கு என்னையும் அழைத்துப் போவார். அங்கே நிற்கும் சிப்பாய் தலையைக் குனிந்திருப்பானே, பார்த்திருக்கிறாய். ஏன் நெஞ்சை நிமிர்த்தவில்லை என்று ஒருமுறை கேட்டேன். "செய்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது" என்றார்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு தீபாவளி. தெருவில் யாரோ அணுகுண்டு வெடித்தார்கள். திண்ணையில் புது வேட்டியோடு உட்கார்ந்திருந்தவர் மறுநொடி மழைச்சேற்றில் குப்புறக் கிடந்தார். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தோம். எழுந்து, முழங்காலைத் துடைத்துக்கொண்டு, காபி இருக்கிறதா என்று கேட்டபடி உள்ளே போய்விட்டார்.

என் கல்யாணத்துக்கு முந்தைய வாரம், அன்று சிரித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போதுதான் சொன்னார். முதல் சண்டையில் வயல் வரப்புக்குப் பின்னால் படுத்திருக்கும்போதே கால்சட்டை நனைந்துவிட்டதாம். பக்கத்தில் ஒரு காரைக்கால்காரர். ஒன்றும் பேசாமல் தன் தண்ணீர்க் குப்பியைத் திறந்து இவர் இடுப்பில் கவிழ்த்துவிட்டு, "தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்" என்றாராம். அந்த வெயிலில் இருட்டும்வரை இரண்டு பேருக்கும் இவருடைய குப்பித் தண்ணீர்தான். அதற்கப்புறம் நாலு வருஷம் அங்கேயே இருந்தார், தம்பி. ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும், ஆனாலும் போவேன் என்றார். காரைக்கால்காரர் என்ன ஆனார் என்று கேட்டேன். சுருட்டைப் பற்ற வைத்தார். மேலே நான் கேட்கவில்லை.

உன் ஹவில்தாரை அம்மா விசாரித்ததாகச் சொல். அவருக்கும் ஒரு முதல் நாள் இருந்திருக்கும். நேரம் வாய்த்தால் கேட்டுப் பார். பார்சலில் முறுக்கு வைத்திருக்கிறேன், அவருக்கும் சேர்த்துத்தான்.

தீபாவளிக்கு லீவு கிடைத்தால் வா. மாடியறை ஜன்னலுக்குத் தடித்த கதவாகப் போடச் சொல்லி ஆசாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். இப்போது எதற்கு என்று உன் அப்பா கேட்டார். கொசு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மா