குழல் பிட்டும் ஏரிச் சேறும்

ஸ்காபரோ,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னது இரவு முழுக்க மண்டைக்குள் ஓடியது. ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் கூட்டத்தில் எழும்பி, "எங்கள் தாத்தா காலத்தில் படகுத்துறையில் நின்றால் அடித்தரை தெரியும், அப்படி ஆக்கித் தாருங்கள்" என்கிறார்களாம். ஏரியைச் சீராக்கும் உன் திட்டத்தில் அதையே இலக்கு என்று எழுதிக்கொடுத்துவிடலாமா என்று கேட்டாய். எழுதாதே என்று சொல்ல வாய் உன்னியது. வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதத்திலேயே அம்மா மூக்கை நுழைக்கிறாள் என்று நினைப்பாயோ என்று பேச்சை மாற்றிவிட்டேன். பேனை பிடித்தால் அந்தக் கூச்சம் இல்லை.

அந்தத் தாத்தா பொய் சொல்லவில்லை. வசந்தம் முடிகிற நேரத்தில் நீர்த்தெள்ளுகள் என்கிற குட்டிப் பிராணிகள் பாசியை மேய்ந்து சில கிழமைக்குத் தண்ணீரைக் கண்ணாடி ஆக்கிவிடும். விடுமுறைக்கு வந்த பிள்ளைக்கு அதுதான் ஞாபகம் நிற்கும், ஓகஸ்ட் மாதப் பச்சை நிற்காது. போதாததற்கு, அவர் பார்த்தது 1950களின் ஏரி. அப்போதே சுற்றியிருந்த நிலத்தை உழத் தொடங்கி நூறு வருடம் ஆகிவிட்டது.

நீ சின்னவனாக இருக்கும்போது, அம்மா வேலையில் என்ன செய்கிறாய் என்று கேட்பாய். பிட்டு அவிக்கிறேன் என்பேன், நீயும் நம்பினாய். பாதி உண்மைதான். ஏரி உறைந்த பிறகு பனிக்கட்டியில் துளை போட்டு, நீளக் குழாயை அடிச்சேற்றில் இறக்கி நிமிர்த்தியபடியே தூக்குவோம். அதைத்தான் கோர் என்கிறோம். பிறகு குழல் பிட்டைத் தள்ளுவது மாதிரி கீழிருந்து தள்ளி, மேலே வருவதை அரை சென்ரிமீற்றர் அரை சென்ரிமீற்றராகச் சீவிப் பையில் போடுவோம். மேல் சேறு கஞ்சி மாதிரி இருக்கும். ஒரு பெப்ரவரியில் கை விறைத்துக் குழாயைச் சாய்த்துவிட்டேன், மேலே நான்கு விரல் கலங்கிப்போனது. இரண்டு நாள் வேலை வீண். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடச் சுட்டது.

எந்த அடுக்கு எந்தக் காலம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாய். காற்றிலிருந்து விழும் கதிரியக்க ஈயம்-210 ஏறக்குறைய 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், அதை வைத்து 150 வருடம் வரை பின்னோக்கி எண்ணலாம். அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம்-137, 1963ஐ ஒட்டிய அடுக்கில் உச்சத்தில் நிற்கும். குடியேறிகள் நிலத்தைத் திறந்த மட்டத்தில் ராக்வீட் மகரந்தம் திடீரென்று கூடும். உனக்கு வருடாவருடம் தும்மல் தருகிற அதே செடிதான். பிறகு டயட்டம், கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் பாசி. பாசிக்குத் தீனி பாஸ்பரஸ், அது கூடினால் ஏரி பச்சையாகும். டயட்டத்தில் ஒவ்வொரு இனமும் ஒவ்வொரு பாஸ்பரஸ் அளவை விரும்பும். எந்த அடுக்கில் யார் யார் கிடக்கிறார்கள் என்று எண்ணினால் அன்றைய தண்ணீரின் பாஸ்பரஸைக் கணக்கிடலாம்.

நீ இருக்கிற மினசோட்டா மாநிலத்திலேயே 55 ஏரிகளில் இதைச் செய்திருக்கிறார்கள். வடக்கே காட்டு ஏரிகள் பெரிதாக மாறவில்லை. தெற்கில் புல்வெளி நாட்டு ஏரிகள் பலவற்றில் கலப்பை வருவதற்கு முன்னமே பாஸ்பரஸ் கொஞ்சம் தாராளம்தான். ஏரிகளில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கலாம் என்று மினசோட்டா 2008இல் கொண்டுவந்த அளவுகள் பகுதிக்குப் பகுதி வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். உன் ஏரி தெற்கில், சோளக் காட்டுக்கு நடுவில் கிடக்கிறது. அது ஒருநாளும் நீல ஏரியாக இருந்திராவிட்டால், நீ எதைத் திருப்பிக் கொடுப்பாய்?

மிசிசிப்பி ஆற்றில் இருக்கிற பெப்பின் ஏரியை ஒருமுறை போய்ப் பார். 1830க்குப் பிறகு அங்கே சேறு படியும் வேகம் பத்து மடங்கு ஆகியிருக்கிறது. லீற்றருக்கு 50 மைக்ரோகிராம் அளவில் இருந்த பாஸ்பரஸ் 200க்கு ஏறியதாக டயட்டம் சொல்கிறது. சேற்றில் பெரும்பங்கு மினசோட்டா ஆறு கொண்டுவருவது. இதைக் கேட்டதும் எல்லோரும் வயல் மேல்மண் கரைகிறது என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் காற்றிலிருந்து விழும் ஈயமும் சீசியமும் மேல்மண்ணில்தான் ஒட்டும், ஆற்றோரச் செங்குத்துக் கரையின் ஆழத்து மண்ணில் இருக்காது. அந்த அடையாளத்தை வைத்துப் பார்த்தால், அண்மைக் காலச் சேற்றில் கரை இடிந்து வந்த மண்தான் கூட. வயலுக்கு அடியில் வடிகுழாய் பதித்து நீரை வேகமாக ஆற்றில் விடுகிறார்கள், மழையும் கூடியிருக்கிறது, பெருகிய ஆறு கரையைத் தின்கிறது. அப்படியென்றால் வயலில் மண்ணைப் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, தண்ணீரையும் மேலேயே தேக்கி வைக்கவேண்டும். சேற்றைக் கேட்காமல் இருந்தால் பணம் முழுக்கத் தவறான இடத்தில் போயிருக்கும்.

சுவீடனிலும் இப்படி ஒரு கதை. அமில மழையால் கெட்டதென்று ஆயிரக்கணக்கான ஏரிகளில் சுண்ணாம்பு போட்டார்கள். பிறகு சேற்றைப் பார்த்தால், அவற்றில் சில இயல்பிலேயே அமில ஏரிகள். சுண்ணாம்பு அவற்றை முன்பு ஒருநாளும் இல்லாத நிலைக்குக் கொண்டுபோயிருந்தது.

ஊர் ஞாபகமும் வந்தது. கோடையில் குளம் வற்றினால் சேற்றை அள்ளி மாட்டுவண்டியில் தோட்டத்துக்குக் கொண்டுபோவோம். உன் தாத்தாவின் வெங்காயம் அந்தச் சேற்றில் விளைந்ததுதான். அந்தக் குளத்தில் நூறு வருடக் கணக்கு எதுவும் மிஞ்சியிராது, எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முழுக் கோரையும் சீவி எண்ணக் காசில்லை என்று சொல்லப்போகிறாய். மேல் துண்டு ஒன்றும், உழவுக்கு முந்திய அடித்துண்டு ஒன்றும் பார்த்தாலே ஏரி எவ்வளவு மாறியது என்று தெரிந்துவிடும். அடித்துண்டு சொல்வதை அப்படியே இலக்காகவும் எழுதாதே. இப்போது தண்ணீர் சூடு, பனிக்கட்டி முன்னையைவிடச் சீக்கிரம் உருகுகிறது. பாஸ்பரஸ் குறைந்தாலும் பழைய பாசிகள் எல்லாம் திரும்பி வராமல் போகலாம். கூட்டத்தில் டயட்டம் பெயர்களை ஒப்பிக்காமல், குழாயையே மேசையில் நிறுத்தி, உழவு தொடங்கிய மட்டத்தில் ஒரு நாடாவை ஒட்டிக் காட்டு. தாத்தா காலம் அதற்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று அவர்களே பார்ப்பார்கள்.

அப்பா உறைபெட்டியில் மீன் குழம்பு எடுத்து வைத்திருக்கிறார், நத்தாருக்கு வந்தால்தான் தருவாராம். கோர் எடுக்க நாள் குறித்தால் சொல். ஏரி உறைந்த பிறகென்றால் நானும் வருகிறேன். குழாயைச் சாய்க்காமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்தானே.

அன்புடன்,
அம்மா