மிலானைத் திட்டும் முன் நம்மூர்க் கடை

ஐயா,

இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடா, நம் நாட்டுக் கோலாப்பூரித் தோல் செருப்பின் வடிவத்தை எடுத்துக்கொண்டதைக் கண்டித்த தங்கள் தலையங்கம் படித்தேன். 2025 ஜூனில் மிலான் மேடையில் மாடல்கள் மாட்டி நடந்த அந்தச் செருப்புக்கு முதலில் ஊர்ப்பேர்கூடச் சொல்லவில்லை; எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையை ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் இங்குள்ள கைவினைஞர்களைக் கொண்டே 2,000 ஜோடிகள் செய்து, ஜோடி சுமார் 800 யூரோவுக்கு விற்பதாக அறிவித்தார்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் பெயரைத் திருடுவது மிலானில் மட்டுமா நடக்கிறது? கோலாப்பூரிக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிரம், கர்நாடகத்தின் எட்டு மாவட்டங்களுக்கு வெளியே செய்ததை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் ‘அசல் கோலாப்பூரி’ என்று சொல்லி விற்றதை வாங்கினேன். ஒரே மழையில் அடிப்பாகம் பிளந்து உள்ளிருந்து அட்டை வெளியே வந்தது. மேல்வார் வெறும் ரெக்சின். அசலில் அடியட்டைக்குப் பதில் தோல்மேல் தோல் வைத்துத் தைத்திருப்பார்கள். நடிகர்கள் குர்தாவோடு அணிந்து படம் போடுவதால் கேட்பவர் கூடியிருக்கிறார்கள். லாபம் போலிக்காரர்களுக்குப் போகிறது.

மகாராஷ்டிர அரசின் தோல் தொழில் கழகம் அசலா என்று சரிபார்க்கச் செருப்பிலேயே கியூஆர் குறியீடு பொறிக்க ஆரம்பித்திருக்கிறது. அந்தக் குறியீடு இல்லாத ஜோடியை ‘கோலாப்பூரி’ என்று எழுதி விற்கும் கடைகளுக்கு அபராதம் விதிக்கலாம். இணைய விற்பனைத் தளங்களுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை