சோலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

பிப்ரவரி மாதச் சனிக்கிழமைகளில் நம் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் நம் கொடைக்கானலின் பாம்பார் சோலையோரம் (சோலை என்றால் நம் குளிர்ந்த மலைக்காடு) பறவை பார்க்கப் போகிறார்கள். வனத்துறையிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கியாயிற்று. கட்டணம் எதுவும் இல்லை. ஒப்புதல் சீட்டு இதோடு இணைத்திருக்கிறது; கையெழுத்துப் போட்டுப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். வயலுக்கோ வண்டிக்கோ அவசரமாகக் கிளம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நேரம் இருப்பவர்கள் மீதியையும் படித்துவிடுங்கள். உங்களில் சிலருக்கு என் மேல் வருத்தம் வரக்கூடிய விஷயங்கள் மீதியில்தான் இருக்கின்றன.

மன்றத்தில் 48 பிள்ளைகள். ஒரு சனிக்கிழமைக்கு 12 பேர்தான். சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பெயர் எடுத்தோம். "அவ பொண்ணு மொத வாரம், எம் பொண்ணு நாலாவது வாரமா?" என்று ஓர் அம்மா வாசலிலேயே கேட்டுவிட்டார். போன வருடம் எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிப்போனோம். 40 ஜோடி கால்கள், 40 வாய்கள். அன்று சோலையில் நாங்கள் கேட்டதெல்லாம் எங்கள் சத்தத்தைத்தான். ஒரு மணி நேரம் நடந்து நோட்டில் எழுதியது மூன்று பறவை. அதில் ஒன்று காக்கை.

எல்லாரும் போன பிறகு, ஜீப் வராததால் நான்கு பிள்ளைகளும் நானும் கல்பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். பேசிப் பேசிக் களைத்துப்போய் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். பாதையோர இருட்டிலிருந்து ஒரு பறவை இறங்கி வந்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது. கருநீல முதுகு, வெள்ளை வயிறு, கண்ணுக்கு மேலே மங்கிய நீலத்தில் ஒரு கோடு. காய்ந்த இலை ஒன்றைப் புரட்டியது, நின்றது, எங்களைப் பார்த்தது, அடுத்த இலையைப் புரட்டியது. எங்களுக்கும் அதற்கும் இடையில் பத்தடிகூட இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூச்சை அடக்கியே உட்கார்ந்திருந்தாள்; அது போன பிறகுதான் "சார்!" என்றாள்.

அது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. பெயரில் கிளி இருக்கிறதே தவிரக் கிளி இல்லை. மலையாளத்தில் எந்தப் பறவையையும் கிளி என்று சொல்வதுண்டு. பழனி மலை, ஆனைமலை போன்ற உயரமான மலைக்காடுகளில்தான் இருக்கும். அதன் உறவுக்காரப் பறவை நீலகிரியில் உண்டு, ஆனால் இது அங்கே இல்லை. நடுவில் பாலக்காட்டுக் கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. குளிர்ந்த சோலைக்குள்ளேயே பிறந்து வளரும் பறவை அந்த வெயிலுக்குள் இறங்கிக் கடப்பதில்லை. நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், இந்தப் பறவை ஒருநாளும் மலையடிவாரத்து வத்தலக்குண்டைப் பார்த்ததில்லை. இப்படிப் பல லட்சம் ஆண்டுகளாகப் பிரிந்து கிடந்ததால்தான் அங்கே ஓர் இனம், இங்கே ஓர் இனம். 2017-இல் ஆய்வாளர்கள் இந்தப் பறவைகளுக்கென்று தனிப் பேரினம் வகுத்து 'சோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். நாம் தினமும் வாயில் போட்டு மெல்லும் 'சோலை' என்ற சொல் அறிவியல் பெயரில் ஏறிவிட்டது என்று வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு ஒரே பெருமை.

வீட்டுக் கொல்லையில் 'பீ-கோ-கோ' என்று ஜோடியாகக் கத்தும் பறவையை எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தில் அது பழனி சிரிப்பான். ஃபேர்பேங்க் என்ற அமெரிக்கப் பாதிரியார் இந்த மலையில் சேகரித்ததை வைத்து 1869-இல் அதற்கு அவர் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார்கள். இதுவும் ஊட்டியில் கிடையாது. உங்கள் வேலியில் பழம் கொத்தித் தின்னும் இதைப் பார்க்கத்தான் எங்கெங்கிருந்தோ காமிராவோடு மலை ஏறி வருகிறார்கள்.

இந்தச் சிரிப்பான் விஷயத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். பழைய மாணவர்களின் பெற்றோருக்கு அது நினைவிருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன் ஒரு ஏப்ரல் மாதம். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் இருக்கும் புதரில், என் இடுப்பு உயரத்தில் அது கூடு கட்டியிருந்தது. பாசியும் வேரும் காய்ந்த புல்லும் சேர்த்து வழித்துவிட்ட கிண்ணம் மாதிரி. உள்ளே நீலத்தில் இரண்டு முட்டை, மேலே செம்பழுப்புப் புள்ளிகள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாடப் புத்தகத்தில் படத்தைக் காட்டுவதைவிட இதைக் காட்டுவது எவ்வளவு மேல் என்று நினைத்தேன். வகுப்பு வாரியாக, ஐந்து ஐந்து பேராக வரிசையில் நிற்கவைத்து, என் கையாலேயே கிளையை விலக்கிப் பிடித்துக்கொண்டு காட்டினேன். இரண்டு நாள் இது நடந்தது. தாய்ப்பறவை எதிர் மரத்தில் கத்திக்கொண்டே இருந்தது. "பாருங்க, அம்மா நம்மகிட்ட பேசுது" என்று வேறு சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் கூட்டில் ஒன்றுமில்லை. கீழே சொட்டு மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருந்தது. எடுத்தது யார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் விளக்குக் கம்பத்தில் ஓர் அண்டங்காக்கை உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நாங்கள் வரிசையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்ததை அதுவும் பார்த்தது. மறைவாக இருந்த கிளையை நான் விலக்கி விலக்கி அது பழையபடி மூடாமல் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே, பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது அடங்கும். துப்பாக்கி வேண்டாம், கவண் வேண்டாம். அன்று நான் செய்ததற்கும் அதுதான் பெயர்.

ஆகவே இந்தமுறை கூடு கண்ணில் பட்டால், பிள்ளைகள் கை நீட்டிக் காட்டக்கூடாது, நிற்கக்கூடாது, நடையை மாற்றாமல் கடந்துபோக வேண்டும். நோட்டில்கூட இடம் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிப்ரவரியில் கூடு கட்டும் பருவம் பெரும்பாலும் இனித்தான் சூடு பிடிக்கும். அதனால்தான் ஏப்ரல், மே விடுமுறையில் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டவர்களுக்கு முடியாது என்றேன். வீட்டுக் கொல்லையில் கூடு இருந்தால் தயவுசெய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போடாதீர்கள். மறுநாளே ஹோம்ஸ்டேக்காரர் ஒருவர் விருந்தாளியோடு வந்து நிற்பார்.

அடுத்தது கைபேசி. ஒரு பிள்ளையும் கொண்டுவரக் கூடாது. அவசரத்துக்கு என்னிடமும் அறிவியல் ஆசிரியையிடமும் இருக்கிறது. எண்கள் உங்களுக்குத் தெரியும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இடைவேளையில் கைபேசியை எடுத்துச் சோலைக்கிளியின் பாட்டைப் போட்டுக் காட்டினான். எங்கே கற்றாய் என்றேன். "அப்பா இப்படித்தான் சார் டூரிஸ்ட்டுக்குப் பறவையக் கூப்பிடுவாரு" என்றான். நான் பையனைத் திட்டவில்லை. அப்பாவையும் இங்கே பெயர் சொல்லப் போவதில்லை. அவர் ஒருவர் மட்டும் செய்வதும் இல்லை.

ஆனால் அந்தப் பாட்டு பறவைக்கு என்னவாகக் கேட்கிறது என்று யோசியுங்கள். ஆண் பறவை பாடுவது பெரும்பாலும் "இது என் இடம், உள்ளே வராதே" என்பதற்காக. அதே பாட்டு வேறு பக்கத்திலிருந்து கேட்டால் யாரோ தன் எல்லைக்குள் புகுந்துவிட்டான் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். இரவு எட்டு மணிக்கு உங்கள் வாசலில் நின்று "இது என் வீடு" என்று ஒருவன் கத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பை எடுத்துக்கொண்டு ஓடிவருகிறீர்கள். யாரும் இல்லை. உள்ளே போகிறீர்கள், திரும்பவும் கத்துகிறான். அடுப்பில் சோறு தீய்கிறது, பிள்ளை அழுகிறது, நீங்கள் திண்ணையில் நிற்கிறீர்கள். சீசனில் ஒரே வளைவில் காலையிலிருந்து ஐந்தாறு ஜீப் நின்று இதையே செய்தால் அந்தப் பறவை எப்போது இரை தேடும்? குளிரில் ராத்திரி தாங்குவதற்குப் பகலில் தின்றிருக்க வேண்டாமா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் நேராகவே கேட்டார்: "பாட்டுப் போடாம, பறவை காட்டாம, அவங்க காசு குடுப்பாங்களா சார்? ஒரு நாள் வாடகை, பெட்ரோல் நீங்க தர்றீங்களா?" நியாயமான கேள்வி. காரட் விலை விழுந்த வருடத்தில் எத்தனை குடும்பம் இந்த ஜீப்பை நம்பி ஓடியது என்று எனக்கும் தெரியும். என்னிடம் இருந்த பதில், அந்தக் கல்பாலம்தான். விடியும்போதும் பொழுது சாயும்போதும் சோலைக்கிளி தானாகவே பாதையோரம் இறங்கி வரும். எந்த மரம் எப்போது பழுக்கிறது என்று தெரிந்தவன் அடியில் போய் உட்கார்ந்தால், நீலகிரி காட்டுப்புறா தலைக்கு மேலே வந்து உட்காரும். பின்கழுத்தில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டம் தெரியும். இதெல்லாம் ஊர்க்காரனுக்குத் தெரிந்த வித்தை. பாட்டுப் போடுவதற்குக் கைபேசி இருந்தால் போதும். வெளியூர்க்காரனே போட்டுக்கொள்வான், நீங்கள் எதற்கு? அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொண்டார் என்று நான் சொல்ல மாட்டேன்.

சோலையில் என்ன செய்வார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் பைன் காட்டில் பத்து நிமிடம் உட்கார்வார்கள். பிறகு சோலை ஓரத்தில் பத்து நிமிடம். இரண்டு இடத்திலும் காதில் விழுந்ததை எண்ணி எழுதுவார்கள். பார்த்ததற்குப் 'பா', கேட்டதற்குக் 'கே'. பைனும் தைலமரமும் வாட்டில் என்கிற சீகையும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை என்று பாடம் நடத்துவதைவிட இந்த இருபது நிமிடம் நன்றாக வேலை செய்கிறது. பைன் ஊசி மெத்தையில் கீழ்ச்செடி அதிகம் முளைப்பதில்லை. கறுப்பும் ஆரஞ்சுமாகத் தணல் துண்டு மாதிரி இருக்கும் சின்ன ஈப்பிடிப்பான், தரையை ஒட்டிய பெரணியிலும் புதரிலும்தான் வாழ்கிறது; அங்கே அதற்கு என்ன வேலை?

பாதையை விட்டு ஒருவரும் உள்ளே இறங்கமாட்டார்கள். பறவைக்காக மட்டும் இல்லை, தொட்டால் எரியும் செந்தட்டிச் செடி இருக்கிறது. போன வருடம் தடவிப் பார்த்த பையனைக் கேளுங்கள். காட்டுமாடு பற்றிப் பயம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம். வனத்துறைக் காவலர் முன்னால் போவார், அவர் கை தூக்கினால் எல்லாரும் நின்று, பேசாமல் பின்னால் வருவார்கள். மாடு நிற்கிற அன்று நடை ரத்து. திரும்பி வந்து பள்ளி மைதானத்திலேயே பறவைகளை எண்ணுவோம்.

உடுப்பு: பள்ளியின் நீல ஸ்வெட்டரே போதும். குளிர் அதிகம், உறைபனியும் இருக்கலாம். உள்ளே இன்னொன்று போட்டு அனுப்புங்கள். நடக்கும்போது சரக் சரக் என்று சத்தம் போடும் நைலான் ஜெர்கின் வேண்டாம். அண்ணன் கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்புச் சட்டையும் வேண்டாம். வாசனைப் பவுடர், சென்ட் ஒன்றும் வேண்டாம். அதில் பறவைக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, எனக்குத் தலைவலி. தின்பண்டத்தை டப்பாவில் கொடுத்துவிடுங்கள். பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்குக் குரங்கு வந்துவிடும். அதற்கு பிஸ்கட் போடுகிற பிள்ளை அடுத்த நடைக்கு வர முடியாது.

காலை 6.15-க்குப் பள்ளி வாசல். 6.30-க்கு ஜீப் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. 9.30-க்குள் திரும்பிவிடுவோம்.

பிப்ரவரி நடுவில் நாடு முழுக்க நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அந்த வாரத்துக் குழு எழுதுவதை அறிவியல் ஆசிரியை அதில் சேர்ப்பார். "ஒண்ணுமே பாக்கல" என்று பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், நோட்டை வாங்கி எத்தனை 'கே' இருக்கிறது என்று பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: பள்ளியிடம் இருப்பது நான்கு பைனாகுலர். அதில் ஒன்றின் வார் அறுந்துவிட்டது, இன்னொன்றில் முடிச்சுப் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பெற்றோரில் யாராவது தையற்காரரோ செருப்புத் தைக்கிறவரோ இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தையல் போட்டுக் கொடுக்க முடியுமா? கூலி தருகிறோம்.