கோடுகளுக்குப் பின்னிருந்த சச்சரவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடாவின் மாகாண எல்லைகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1867இல் நான்கு மாகாணங்களுடன் தொடங்கிய நாடு மேற்கே விரிந்த வரலாற்றைத் தெளிவாகத் தந்தாலும், எல்லைகளுக்காக நடந்த சச்சரவுகளைத் தொடாமலே விட்டுவிட்டது. 1870இல் உருவான மனிடோபா, ‘தபால்தலை மாகாணம்’ என்று கேலி பேசப்படும் அளவுக்குச் சிறியதாக இருந்தது. 1881இல் அது விரிவாக்கப்பட்டபோது, இன்று கெனோரா எனப்படும் ராட் போர்ட்டேஜ் ஊருக்கு ஒன்டாரியோவும் உரிமை கோரியது. இரு அரசுகளும் அச்சிற்றூரில் தனித்தனியே காவலர்களை அமர்த்திச் சிறையும் வைத்திருந்ததோடு, 1883இல் தத்தம் சட்டமன்றங்களுக்கு அங்கே தேர்தலும் நடத்தின என்பது இன்று படிக்கையில் நகைப்பூட்டுகிறது. அன்று கனடாவின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு, 1884இல் ஒன்டாரியோவுக்குச் சாதகமாக முடிந்தது.

1905இல் ஆல்பர்ட்டாவையும் சஸ்காச்சுவானையும் பிரித்த எல்லை, லாய்ட்மின்ஸ்டர் ஊரின் நடுவே சென்றது. இரண்டு நகராட்சிகளாகப் பிரிந்த அவ்வூர் 1930இல்தான் மீண்டும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தது. இதற்கு மாறாக, 1999இல் தனிப் பிரதேசமான நுனாவுட்டின் எல்லைக்கு 1992இல் வாக்கெடுப்பே நடத்தப்பட்டது. கட்டுரையின் அடுத்த பகுதியிலாவது இத்தகைய எல்லை வரலாறுகளுக்கு உரிய இடம் தர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், ஸ்கார்பரோ