நாளை செம்பரம்பாக்கம் ஷூட்டிங் – கல்யாண வீட்டு சீன்

கூட்டத்துல நடிக்க வர்ற துணை நடிகர்கள் எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு காலை 9 மணி கால்ஷீட், அதாவது அந்த நேரத்துக்கு ஸ்பாட்ல இருக்கணும். வண்டி காலை 6 மணிக்கு வடபழனி கமலா தியேட்டர் எதிர்ல இருந்து கிளம்பிடும். "அண்ணே, பவர் ஹவுஸ் தாண்டிட்டேன், ரெண்டே நிமிஷம்"னு போன் வேண்டாம்.

பெண்கள் பட்டுப்புடவை, ஆண்கள் வேட்டி. சட்டை சந்தன கலர், இளமஞ்சள் மாதிரி இருக்கட்டும். பளிச் வெள்ளை போட்டு வந்தா லைட்டுல அடிக்கும், உங்களைப் பின் வரிசைக்குத் தள்ளிடுவாங்க.

இதே சீன் மறுநாளும் தொடரும், அதனால நாளைக்கு என்ன பொட்டு, என்ன வாட்ச்சோ, மறுநாளும் அதேதான். போன ஷூட்டிங்ல நம்ம தம்பி ஒருத்தர் சாப்பாட்டு பிரேக்ல நெத்தி சந்தனத்தைத் துடைச்சிட்டு வந்து உட்கார்ந்துட்டார். மூணாவது டேக்லதான் அசிஸ்டென்ட் டைரக்டர் கண்ணுல பட்டுச்சு. திட்டு எனக்கு.

பந்தி ஷாட் இருக்கு. இலையில இருக்கறதை நிஜமாவே சாப்பிட்டுடாதீங்க. அது காலையில ஊத்தின சாம்பாரா இருக்கும், எத்தனை டேக் போகும்னும் தெரியாது. லைவ் சவுண்டு, அதாவது அங்கேயே சத்தத்தையும் பதிவு பண்ணுவாங்க, அதனால வாய் மட்டும் அசையணும். வளையல் சத்தம்கூட மைக்ல ஏறும், அக்காமார் கண்ணாடி வளையலைக் குறைச்சுக்குங்க.

குழந்தைகளைக் கூட்டிட்டு வராதீங்க. பசங்க நடிக்கணும்னா, படக் கம்பெனி மாவட்ட கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும், வாங்கினாலும் ஒரு நாளைக்கு 5 மணி நேரம்தான். நாளைக்கு அனுமதி இல்லை.

சம்பளம், ஷூட்டிங் முடிஞ்சு பேக்கப் ஆனதும் கையில. போன மாசம் ஒரு கம்பெனி இழுத்தடிச்ச மாதிரி இல்லாம, முன்னாடியே பேசிட்டேன். நோட்டுல கையெழுத்து போடாம வண்டி ஏறாதீங்க.

வர்றவங்க ராத்திரி 8 மணிக்குள்ள பேர் போடுங்க.