வருமான வரிக் குறைப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்ததிலிருந்து, சாதாரண மக்களின் வரிச்சுமையே குறைந்துவிட்டது போல எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நிதியமைச்சர் அன்று சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் என்றால் 80,000 ரூபாய் மிச்சம், 25 லட்சம் என்றால் 1,10,000 ரூபாய் மிச்சம். சரி, ஜவுளிக்கடையில் மாதம் 25,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்கு? ஒரு ரூபாய்கூட இல்லை, ஏனென்றால் 2023-லிருந்தே 7 லட்சம் வரை வரி கிடையாது, அவர் வருமானமோ ஆண்டுக்கு 3 லட்சம்தான். கட்டாத வரியை எப்படிக் குறைக்க முடியும்?

ஆனால் அவர் வரி கட்டாதவர் இல்லை. 299 ரூபாய்க்கு போன் ரீசார்ஜ் செய்தால் அதில் ஏறக்குறைய 45 ரூபாய் ஜிஎஸ்டி, 25 லட்சம் சம்பாதிப்பவருக்கும் அதே 45 ரூபாய்தான். அந்த பட்ஜெட் வந்த இரண்டே மாதத்தில், ஏப்ரலில், பெட்ரோல் டீசல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 2 ரூபாய் ஏற்றினார்கள். எண்ணெய் நிறுவனங்களே அதை ஏற்றுக்கொள்ளும், பங்க்கில் விலை ஏறாது என்றார்கள், ஏறவும் இல்லை, ஆனால் கச்சா எண்ணெய் விலை சரிந்த நேரம் அது, நமக்குக் குறைந்திருக்க வேண்டிய தொகை வரியாகப் போய்விட்டது. மத்திய அரசை மட்டும் சொல்லவில்லை. 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரி 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை உயர்ந்ததே, வீட்டுக்காரர்கள் அதை வாடகையில் ஏற்றினால் கொடுக்கப்போவது குடியிருப்பவர்தானே.

வருமான வரியைக் குறைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதச் சம்பளத்தில் பிடித்தம் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல உதவி. ஆனால் 2025 செப்டம்பரில் சோப்பு, பற்பசை, ஷாம்பு மீதான ஜிஎஸ்டியை 18 சதவீதத்திலிருந்து 5 ஆக்கினார்களே, அந்த ஜவுளிக்கடை ஊழியர் வீடு வரை வரக்கூடிய வரிக் குறைப்பு அதுதான், கடைக்காரர்கள் விலையைக் குறைத்து விற்றிருந்தால். ரீசார்ஜுக்கு மட்டும் இன்னமும் 18 சதவீதம், போன் இல்லாமல் இன்றைக்கு யாரால் வேலை பார்க்க முடியும்?

அடுத்த பட்ஜெட் அன்று வருமான வரி அட்டவணையோடு இன்னொன்றும் உங்கள் நாளிதழில் போடுங்கள்: மாதம் 25,000 ரூபாயில் ஓடும் ஒரு குடும்பம் பெட்ரோல், ரீசார்ஜ், மளிகை என எல்லாவற்றிலும் சேர்த்து எவ்வளவு வரி கட்டுகிறது, அது கூடியதா குறைந்ததா என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை